கையெழுத்தே போடல, ஆனா வீட்ட வித்துட்டாங்க: இப்ப என்ன பண்றது?

கேள்வி: நான் ஷார்ஜால வேலை பாக்கறேன். தாம்பரம் பக்கம் என் பேர்ல ஒரு வீடு இருக்கு, வாடகைக்கு விட்டிருக்கேன், ஒரிஜினல் பத்திரம் பேங்க் லாக்கர்ல. போன வாரம் ஆன்லைன்ல ஈசி (வில்லங்க சான்றிதழ்) போட்டு பாத்தா, 2025 மார்ச்ல நான் யாருக்கோ பவர் (எனக்கு பதிலா செயல்பட அதிகாரம் கொடுக்கற பத்திரம்) எழுதி கொடுத்த மாதிரியும் அவர் அத வச்சு வேற ஒருத்தருக்கு கிரயம் பண்ணின மாதிரியும் வருது. அப்போ நான் ஊர்லயே இல்ல. மாவட்ட பதிவாளர்கிட்ட மனு கொடுத்தா ரத்து பண்ணிடுவாங்கன்னு மச்சான் சொல்றார், சரியா?

பதில்: சார், முதல்ல தைரியமா இருங்க, வீடு உங்களோடதுதான். பவரே போலின்னா அத வச்சு வாங்கினவர் எவ்வளவு பணம் கொடுத்திருந்தாலும், விஷயமே தெரியாம வாங்கியிருந்தாலும் அவருக்கு உரிமை வராது, ஏன்னா வித்தவன்கிட்டயே எதுவும் இல்ல. ஆனா அந்த கிரயம் ஈசில இருக்கற வரைக்கும் அத காட்டி லோன் வாங்கலாம், அடுத்தவனுக்கு விக்கலாம், எனக்கு அந்த பயம்தான் பெருசு.

மச்சான் சொல்ற வழி இப்ப இல்ல. போலி பத்திரத்த ரத்து பண்ற அதிகாரத்த மாவட்ட பதிவாளருக்கு கொடுத்து 2022ல பதிவு சட்டத்துல 77-ஏ பிரிவு கொண்டு வந்தாங்க, ஏமாந்த ஜனங்களுக்கு பெரிய நிம்மதியா இருந்துச்சு, ஆனா 2024 ஜூலைல சென்னை ஐகோர்ட் அந்த பிரிவு செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அதனால அங்க மனு போட்டுட்டு மாசக்கணக்கா காத்திருக்காதீங்க. நாமளே ஒரு ரத்து பத்திரம் போட்டுடலாம்னு யாராவது சொன்னாலும் தலையாட்டாதீங்க, ஒருதலையா போடற ரத்து நிக்காது.

சிவில் கோர்ட்தான் வழி. அந்த பவரும் கிரயமும் என்னை கட்டுப்படுத்தாது, சொத்து என்னோடதுன்னு விளம்புகை (கோர்ட் அறிவிச்சு கொடுக்கற தீர்ப்பு) கேட்டு வழக்கு போடணும், கூடவே விக்கவோ அடமானம் வைக்கவோ கூடாதுன்னு இடைக்கால தடையும் கேக்கணும். தடை கிடைச்ச அன்னிக்கே காப்பிய சார்பதிவாளர் ஆபீஸ்ல கொடுத்து அக்னாலெட்ஜ்மெண்ட் வாங்கிடுங்க, வழக்கு முடியறதுக்கு வருஷக்கணக்கா ஆகலாம், ஆனா இந்த தடை வந்துட்டா பாதி நிம்மதி. உங்களுக்கு விஷயம் தெரிஞ்ச நாள்லேர்ந்து 3 வருஷம்தான் கெடு, அதனால போன வாரம் எடுத்த ஈசிய தேதியோட பத்திரமா வைங்க.

ஆதாரத்துல நீங்க அதிர்ஷ்டசாலி. ரெண்டு பத்திரத்துக்கும் சான்றிட்ட நகல் எடுங்க, பவர்ல உங்க பேர்ல உக்காந்தவனோட போட்டோவும் கைரேகையும் இருக்கும், எந்த ஐடி கொடுத்தான், சாட்சி யாரு, எழுதினது யாரு எல்லாம் வெளிய வரும். உங்க பாஸ்போர்ட்ல இருக்கற இமிக்ரேஷன் முத்திரைய பாருங்க, அந்த தேதில நீங்க இந்தியாவுல இல்லன்னு அதுவே சொல்லிடும், இதவிட பெரிய சாட்சி வேற இல்ல.

இதோட சேத்து தாம்பரம் கமிஷனர் ஆபீஸ்ல மத்திய குற்றப்பிரிவுக்கு புகார் கொடுங்க. சம்பவம் 2024 ஜூலை 1க்கு அப்புறம்ங்கறதால ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல ஆள்மாறாட்டம், போலி ஆவணம்னு வழக்கு பதிவாகும். போலீஸ் யாரையாவது புடிச்சிட்டாங்கன்னு சிவில் வழக்க தள்ளிப் போடாதீங்க, கைது பண்ணினா மட்டும் பத்திரம் ரத்தாகாது.

பட்டாவயும் உடனே செக் பண்ணுங்க. பேரு மாறியிருந்தா ஆர்டிஓகிட்ட (வருவாய் கோட்டாட்சியர்) அப்பீல், மாறலன்னா தாசில்தாருக்கு ஆட்சேபனை மனு. குடியிருக்கறவங்ககிட்ட இன்னிக்கே பேசுங்க, வேற யார் வந்து கேட்டாலும் வாடகை கொடுக்கக்கூடாது, எதுலயும் கையெழுத்து போடக்கூடாதுன்னு சொல்லிடுங்க, ஏன்னா அவங்க உங்களுக்கு வாடகை கட்டிட்டு இருக்கற வரைக்கும் சுவாதீனம், அதாவது வீடு யார் கைவசம்ங்கறது, உங்ககிட்டதான். வாடகைய பேங்க் மூலமா மட்டும் வாங்குங்க.

வழக்கு நடத்த ஊருக்கு வர முடியலன்னா நம்பிக்கையான ஒருத்தருக்கு இந்திய கான்சுலேட்ல அட்டெஸ்ட் பண்ணி பவர் அனுப்பலாம், அது இந்தியா வந்து சேந்த 3 மாசத்துக்குள்ள முத்திரைத்தாள் கட்டணம் கட்டிடணும். அந்த பவர்ல வழக்கு நடத்தறது, புகார் கொடுக்கறது மட்டும் இருக்கட்டும், விக்கற அதிகாரத்த ஒரு வரி கூட சேக்காதீங்க, அது மச்சானா இருந்தாலும் சரி. லாக்கர்ல இருக்கற ஒரிஜினல் இப்போதைக்கு அங்கயே பத்திரமா இருக்கட்டும், கோர்ட்ல எப்ப காட்டணும்னு உங்க வக்கீல்கிட்ட கேட்டு அப்ப எடுங்க.