முதுகெலும்பு வளைவு: ஆபரேஷன் எப்போது, வலி எதுவரை? பிசியோ அக்கா பதில்கள்

கேள்வி: மகளுக்கு 12 வயது, வளைவு 42 டிகிரி. ஒரு டாக்டர் பொறுங்கள் என்கிறார், இன்னொருவர் உடனே ஆபரேஷன் என்கிறார். யாரை நம்புவது அக்கா?

பதில்: 42-ஐ மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. இன்னும் எவ்வளவு வளரப் போகிறாள் என்பதுதான் கேள்வி. வயதுக்கு வந்து எத்தனை மாதம் ஆகிறது, எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு விளிம்பைப் பார்த்துச் சொல்லும் ரிஸ்ஸர் எண் (0 முதல் 5 வரை) என்ன என்று கேளுங்கள். 0 என்றால் இன்னும் நிறைய வளரப் போகிறாள், 42 அதிகமாக வாய்ப்பு அதிகம்; 4 என்றால் வளர்ச்சி முடியப் போகிறது, அங்கேயே நின்றுவிடவும் கூடும். பொதுவாக 45, 50-ஐத் தாண்டும்போதுதான் ஆபரேஷன் பேச்சே வரும், ஏனென்றால் 50-க்கு மேல் போன வளைவு வளர்ச்சி நின்ற பிறகும் வருடத்துக்கு 1 டிகிரி போல ஏறலாம். இன்னொன்று, ஒரே எக்ஸ்ரேயை இரண்டு பேர் அளந்தாலே 5 டிகிரி வரை வித்தியாசம் வரும். 42 என்பது 45 ஆனதும் பதறிவிடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் 7 வயதிலேயே செய்துவிட்டால் என்ன?

பதில்: இந்த ஆபரேஷனில் ராடு (உலோகக் கம்பி), ஸ்க்ரூ போட்டு முதுகெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறார்கள், அதுதான் பியூஷன்; அது செய்த இடம் அதற்குப் பிறகு வளராது. உடல் குட்டையாகி நுரையீரலுக்கும் இடம் போதாமல் போகும். அதனால்தான் அந்த வயதில் பிரேஸ் (உடம்பைச் சுற்றி அணியும் கவசம்), மாவுக்கட்டு, வளர வளர நீட்டக்கூடிய ராடு என்று நாளைக் கடத்துகிறார்கள்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து 7 மாதம். தோள்பட்டைக்குக் கீழே எரிச்சல், தழும்பைச் சுற்றி மரத்துப்போய் இருக்கிறது.

பதில்: தசையை எலும்பிலிருந்து உரித்துத்தானே ஸ்க்ரூ போடுகிறார்கள், தோல் நரம்பும் அறுபடும். மரப்பு சிலருக்குப் போகாமலே தங்கிவிடும். உடம்பு புது நிலைக்குப் பழகவும் நாளாகும்: என்னிடம் வந்த ஒரு பெண் கண்ணாடியில் நேராக நிற்பாள், ஆனால் "சாய்ஞ்சிருக்கேன்" என்றே சொல்வாள், பழைய வளைவையே உடம்பு நேர் என்று நினைத்துக்கொண்டிருந்தது! மூன்றாம் மாதத்தைவிட இப்போது வலி குறைவா? குறைவு என்றால் சரி, நடையை விடாதீர்கள்.

கேள்வி: இரண்டு வருடம் வலியே இல்லை. இப்போது ஒரே இடத்தில் குத்துகிறது, திரும்பினால் 'டக்' என்கிறது.

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள். ராடு எலும்பு ஒட்டும்வரை தாங்கும் முட்டுதான், எலும்பு ஒட்டவில்லை என்றால் கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தது போல அது ஒருநாள் உடையும். எக்ஸ்ரேயில் தெரியாதது சிடி ஸ்கேனில் தெரியலாம். காய்ச்சலே இல்லாமல் மெதுவாக வரும் தொற்றும் உண்டு. சிகரெட் பிடிப்பவர் என்றால் நிறுத்துங்கள், எலும்பு ஒட்டுவதைக் கெடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு. கால் பலம் குறைந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கேள்வி: வயது 38, வளைவு 35, இடுப்பு வலி. ஆபரேஷன் செய்தால் போய்விடுமா?

பதில்: உத்தரவாதம் இல்லை. வலி வளைவால்தானா, டிஸ்க்காலா (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற தட்டு) என்று முதலில் பாருங்கள். அதுவரை உடற்பயிற்சிதான்.