மாம் டோர் நடையும் பப் சாப்பாடும்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்டில் ஈடேல் ஸ்டேஷனில் இறங்கி, மாம் டோர் குன்று ஏறி, காசில்டன் கிராமத்து பப்பில் மதியச் சாப்பாடு, ஹோப் ஸ்டேஷனில் திரும்பு ரயில். இந்தக் குழு நடையைப் பற்றி வந்த கேள்விகள்.

அண்ணா, நாங்கள் பன்னிரண்டு பேர். எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

பப்பிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். பல கிராமத்து பப்களில் இரண்டு, இரண்டரைக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். அப்புறம் சிப்ஸ் பாக்கெட்தான். ஹாலின்ஸ் கிராஸ் என்ற மலைமுகட்டுக் கணவாய் வழியாக 517 மீட்டர் உச்சிக்குப் போய் காசில்டனில் இறங்க ஏறக்குறைய 7 கி.மீ. தனி ஆள் வேகமாக முடித்துவிடலாம். கூட்டமாகப் போனால் ஒவ்வொரு கேட்டிலும் ஒரு தேக்கம், உச்சியில் போட்டோ. மூன்று மணி நேரம் வையுங்கள். பத்துக்கு நடக்கத் தொடங்குங்கள். மேசையை முன்பே பதிவு செய்யுங்கள், அதுவும் ஞாயிறென்றால் கட்டாயம்.

பூட்ஸெல்லாம் சேறாக இருக்குமே?

வாசலில் கேளுங்கள். கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். ஓட்டையில்லாத சாக்ஸ் நல்லது.

நான் சைவம், குடிப்பதும் இல்லை. வரலாமா?

தாராளமாக. லைம் சோடா கேளுங்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்கும் ‘ரவுண்ட்’ வழக்கத்தில் சேராமல் தனியாக வாங்கிக்கொள்ளலாம். சாப்பாட்டை பெரும்பாலும் பாரில் போய் மேசை எண்ணோடு சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: சைவ ரோஸ்ட் (ஞாயிறு மதிய வறுவல் சாப்பாட்டின் இறைச்சியில்லா வகை) என்றாலும் உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பில் வறுத்திருக்கலாம். கிரேவியையும் சேர்த்தே விசாரியுங்கள்.

அடுத்தவர் வயல் வழியே நடந்தால் திட்ட மாட்டார்களா?

மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது பொது நடைபாதை. நிலம் யாருடையதானாலும் நடப்பது உங்கள் உரிமை. கேட்டை இருந்தபடியே விடுங்கள். மாம் டோரில் நின்று வடக்கே பார்த்தால் பள்ளத்தாக்குக்கு அப்பால் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலம். வேட்டைக்காக மூடி வைத்திருந்த அந்த நிலத்துக்குள் 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கானோர் நடக்கும் உரிமை கேட்டு வேண்டுமென்றே நுழைந்தார்கள். ஐந்து பேருக்குச் சிறை. இப்படிப்பட்ட திறந்த மேடுகளில் பாதையை விட்டும் சுற்றலாம் என்ற உரிமையை 2000ஆம் ஆண்டுச் சட்டம்தான் தந்தது. வயல்களுக்கு அது பொருந்தாது, பாதையிலேயே போங்கள்.

சாப்பிட்டபின் மறுபடி ஏற்றமா?

இல்லை. ஹோப் வரை கிட்டத்தட்ட சமதரை, முக்கால் மணி நேரம். இனிப்பும் சாப்பிடலாம், ரயில் நேரத்தை மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.