மறுமொழி: ஜெப அறையில் நடந்ததை வெளியே சொல்லலாமா?

சகோதரி, மாதவிடாய் வலிக்கு ஜெபிப்பதாகச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு போதகர் உங்கள் 15 வயது மகளைத் தொட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். சபை மூப்பர்களோ 'மன்னித்துவிடுங்கள், போலீசுக்குப் போகாதீர்கள்' என்கிறார்களாம். மன்னிப்பது உங்கள் விருப்பம்; புகாரைத் தடுக்க அவர்கள் யார்? மலேசியாவின் 2017ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, இப்படியொரு குற்றம் தெரிந்தும் போலீசில் சொல்லாதவருக்கே 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. அதை மூப்பர்களிடம் சொல்லிப் பாருங்கள், குரல் மாறும்.

மகளைத் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள், பாவம். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். அன்று போட்டிருந்த உடுப்பை இன்னும் துவைக்கவில்லை என்றால் அப்படியே காகிதப் பையில் போட்டுவிடுங்கள். அப்புறம் பினாங்கு பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய் ஓ.எஸ்.சி.சி. (பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு ஒரே இடத்தில் உதவும் மையம்) என்று கேளுங்கள். மருத்துவப் பரிசோதனை, போலீஸ் புகார், சமூகநல உதவி எல்லாவற்றுக்கும் அங்கேயே வழி செய்வார்கள். நடு இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் தாலியான் காசிஹ் (Talian Kasih) உதவித் தொலைபேசி, 15999.

அந்த மாதவிடாய் வலியை மறந்துவிடாதீர்கள். மாதாமாதம் பள்ளிக்கு மட்டம் போடும் அளவு வலி என்றால் அது மருத்துவர் பார்க்க வேண்டியது. பக்கத்து அரசாங்க கிளினிக்கிலேயே பெண் மருத்துவரைக் கேளுங்கள், ஒரு ரிங்கிட்தான்.