தோளை விடுங்கள், முழங்காலை மடக்குங்கள்
(டேபிள் டென்னிஸ்: வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: எதிராளி புஷ் செய்து (பந்தின் அடியைச் சீவித் தள்ளி) தரும் பந்தை ஃபோர்ஹேண்டில் டாப்ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் அடி) போட்டால் பெரும்பாலும் வலையில் விழுகிறது. கையில் பலம் போதவில்லையா? தோளுக்கு உடற்பயிற்சி செய்யட்டுமா?
– கல்லூரி மாணவர்

பதில்: உடற்பயிற்சி தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் இதற்காக வேண்டாம். புஷ் பந்து பேக்ஸ்பின்னோடு, அதாவது பின்னோக்கிய சுழற்சியோடு வருகிறது. உங்கள் பேட்டின் ரப்பரில் பட்டதும் கீழ்நோக்கித்தான் போகப் பார்க்கும். அதை நேராக முன்னால் தள்ளினால், பலம் கூடக் கூட இன்னும் வேகமாக வலைக்குள் போகும், அவ்வளவுதான்.

பேட் எங்கிருந்து கிளம்புகிறது என்று யாரையாவது பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அநேகமாக இடுப்பு உயரத்திலிருந்து இருக்கும். அது முழங்கால் அருகே இறங்க வேண்டும். கையை மட்டும் தொங்கவிட்டால் போதாது. முழங்கால் மடங்கி, வலது தோள் தாழ்ந்து, உடல் எடை வலது காலுக்கு வர வேண்டும் (இடக்கையர்கள் மாற்றிக்கொள்ளவும்). பந்து உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது, ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும் பேட்டால் அதன் முதுகைக் கீழிருந்து மேலாக, தீக்குச்சி கிழிப்பதுபோல உரசுங்கள். வீச்சு நெற்றிப் பக்கம் முடியட்டும். பிடி தளர்வாகவே இருக்கலாம்; பந்து படும் நொடியில் மட்டும் விரல்கள் இறுகினால் போதும். சரியாக உரசினால் சத்தம் மெல்லியதாக வரும். ‘டக்’ என்று கேட்டால் அடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இதில் பலருக்குத் தெரியாத வசதி ஒன்று உண்டு. பேக்ஸ்பின் பந்து எந்தத் திசையில் சுழல்கிறதோ, அதே திசையில் சுழன்றபடி திரும்பிப் போனால் அதுதான் டாப்ஸ்பின். நீங்கள் சுழற்சியை மாற்ற வேண்டியதில்லை, கூட்டினால் போதும். டாப்ஸ்பின் பந்துக்கு எதிராக டாப்ஸ்பின் போடும்போதுதான் சுழற்சியைத் திருப்ப வேண்டும். அங்கே பேட்டை நன்றாகக் கவிழ்த்து, வீச்சை முன்னோக்கி வையுங்கள். இரண்டுக்கும் ஒரே வீச்சு வீசினால் ஒன்று வலையில் விழும், மற்றது மேஜையைத் தாண்டிப் பறக்கும்.

கொஞ்ச நாள் வேகத்தை மறந்துவிடுங்கள். வலைக்கு மேலே நல்ல இடைவெளி விட்டு, வளைந்து போய், எதிராளி பக்கத்துக் கடைசிக் கோட்டருகே ஆழமாக விழுந்தால் போதும். வேகம் தானாக வரும்.

கேள்வி: 1990-களில் ஆடியவன். இப்போது அதே பேட்டோடு மறுபடி இறங்கியிருக்கிறேன். டாப்ஸ்பின்னில் பழைய கடி இல்லை. வயசா, பேட்டா?
– ஓய்வுபெற்ற வாசகர்

பதில்: பந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2000-இல் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. 2014 முதல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் வந்தது. இரண்டு மாற்றத்திலும் சுழற்சி கொஞ்சம் குறைந்தது. ஆனால் முதல் குற்றவாளி உங்கள் ரப்பர்தான். இத்தனை வருடத்தில் அது கண்ணாடி மாதிரி வழுக்கும். கட்டை நன்றாக இருந்தால் வைத்துக்கொண்டு ரப்பரை மட்டும் மாற்றுங்கள். மிக வேகமான ரகம் வேண்டாம். பந்து ரப்பரில் தங்கும் நேரம் குறைந்தால் உரசவே வாய்ப்பிருக்காது. ஆடி முடித்ததும் ஈர ஸ்பான்ஜால் துடைத்து வையுங்கள். வயசைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

கேள்வி: நீளப் பிம்பிள் ரப்பர் (நீண்ட புள்ளிகள் வெளியே நீட்டி நிற்கும் ரப்பர்) வைத்திருப்பவரிடம் எவ்வளவு சுழற்றி அடித்தாலும் அடுத்த பந்து எனக்கு வலையில் விழுகிறது. என்ன மாயம்?

பதில்: மாயமில்லை. உங்கள் டாப்ஸ்பின்தான் பேக்ஸ்பின்னாக உங்களிடமே திரும்பி வருகிறது. எவ்வளவு பலமாகச் சுழற்றினீர்களோ அவ்வளவு கனமாக வரும். அதனால் ஒரு லூப் (பலமான டாப்ஸ்பின்) போட்டால் அடுத்த பந்தைப் புஷ் செய்யுங்கள், அல்லது மேலே சொன்னபடி கீழிருந்து தூக்குங்கள். நடுநடுவே சுழற்சியே இல்லாத பந்தை அனுப்பிப் பாருங்கள். திருப்பித் தர அவரிடம் ஒன்றும் இருக்காது. அவர் திருப்பும் பந்து உயரமாக வந்தால் தட்டையாக ஸ்மாஷ் செய்யலாம்.

அப்புறம், ஆட்டத்துக்கு முன் எதிராளியின் பேட்டை வாங்கிப் பார்ப்பது உங்கள் உரிமை. பிம்பிள் எந்த நிறப் பக்கம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய வீராங்கனை மணிகா பத்ரா போன்றவர்கள் ரேலியின் நடுவிலேயே பேட்டைத் திருப்பிவிடுவார்கள். ஆகவே கையைப் பார்க்காமல் நிறத்தைப் பாருங்கள்.