கென்ட்டில் 30 சென்ட்: பறவைக்கு ஒரு மரம், வீட்டுக்கு இரண்டு

கேள்வி: வணக்கம். எங்களுக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம், ஊரில் மாந்தோப்பு உண்டு. இப்போது இங்கிலாந்தில் கென்ட் பகுதியில், வீட்டுக்குப் பின்னால் 30 சென்ட் நிலத்தோடு குடியிருக்கிறோம். மண் களிமண், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். பிள்ளைகள் பறித்துத் தின்ன ஆப்பிள் மரம் வைக்க ஆசை. தோட்டத்துக்கு வரும் பறவைகள், முள்ளெலி, பட்டாம்பூச்சிக்கும் பயன்பட வேண்டும். ஒரே மரத்தில் இரண்டும் நடக்குமா? காக்ஸ் ரகம் நல்ல ருசி என்கிறார்கள், வைக்கலாமா? கடையில் வாங்கிய பழத்தின் விதை போட்டு நான்கு கன்று வந்திருக்கிறது, அவற்றையே நடலாமா? சாயங்காலம் மான் வேறு வருகிறது. பெயர்ச்சீட்டு தொலைந்துபோன ஒரு தொட்டிக்கன்றும் கையில் இருக்கிறது.

பதில்: வணக்கம் ஐயா. மாந்தோப்புக்காரர் என்று சொல்லிவிட்டீர்கள், என் வேலை பாதி குறைந்தது. ஒட்டுக்கன்று என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒரே மரத்தில் இரண்டும் நடக்குமா என்றால், நடக்கும், ஆனால் அரைகுறையாக. பிள்ளைகளுக்குக் கைக்கு எட்டும் உயரத்தில், புழு இல்லாத பழம் வேண்டும். பறவைகளுக்கு உயரமான கிளை, பழைய பட்டை, பட்டுப்போன கொம்பு, மார்கழி வரை தரையில் கிடக்கும் பழம் எல்லாம் வேண்டும். ஒன்றுக்கு நல்லது மற்றதற்கு இடைஞ்சல். இடம் இருக்கும்போது எதற்கு ஒரே மரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்? பெரிய மரம் ஒன்று பறவைக்கு, சின்ன மரம் இரண்டு வீட்டுக்கு. இடையில் ஒரு காட்டு ஆப்பிள். 30 சென்ட்டில் இவ்வளவும் போக காய்கறிப் பாத்திக்கும் இடம் மிஞ்சும்.

மரம் எவ்வளவு பெரிதாகும் என்பதைத் தீர்மானிப்பதில் ரகத்தைவிட வேர்ச்செடிக்குத்தான், அதாவது ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் செடிக்குத்தான், பங்கு அதிகம். அதற்கான வேலை நடந்த இடம் உங்கள் கென்ட்தான். அங்கே ஈஸ்ட் மாலிங் என்ற ஊரில் 1913இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில் வேர்ச்செடிகளைப் பிரித்து எண் கொடுத்தார்கள். கன்றின் சீட்டில் எம்9, எம்26, எம்எம்106, எம்25 என்று இருப்பது அதுதான். எம்9இல் ஒட்டினால் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும், ஆயுள் முழுக்க முட்டுக்கம்பு வேண்டும். எம்எம்106 என்றால் நான்கைந்து மீட்டர். எம்25 என்றால் ஆறு மீட்டருக்கு மேலே போகும், பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிற்கும். நர்சரியில் ரகத்தின் பெயரை மட்டும் சொல்லி, வேர்ச்செடி எதுவென்று கேட்டால் விழிக்கிறார்கள் என்றால் அங்கே வாங்க வேண்டாம். நான் இங்கு வந்த புதிதில் அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்திருக்கிறேன். குட்டை மரம் என்று ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தேன், ஏழாவது வருடம் கூரையைத் தொட்டது.

உங்கள் களிமண்ணுக்கு எம்9 சரிப்படாது, எம்26-உம் ஈர மண்ணில் சுணங்கும். எம்எம்106 நல்ல வேர்ச்செடிதான், ஆனால் தண்ணீர் நின்றால் அடித்தண்டு அழுகும். அதனால் குழியில் நடாதீர்கள், மேட்டில் நடுங்கள். ஒரு மீட்டர் அகலத்துக்கு மண்ணை அணைத்து, சுற்றி இருப்பதைவிட ஒரு முழம் உயர்த்தி, அதன் தலையில் கன்றை வையுங்கள். களிமண்ணில் ஆழமாகக் குழி தோண்டி நல்ல மண்ணையும் எருவையும் கொட்டினால், அது தண்ணீர் தேங்கும் தொட்டியாகிவிடும். ஊரில் பழகிய குழி முறையை இங்கே மறந்துவிடுங்கள்.

இனி ரகம். பறவைக்கான பெரிய மரத்துக்கு என் யோசனை எம்25இல் ஒட்டிய பிராம்லி. 1809இல் நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி போட்ட விதையில் முளைத்தது இதன் தாய் மரம். பின்னால் அந்த வீட்டை வாங்கிய கசாப்புக்கடைக்காரரின் பெயர்தான் பிராம்லி என்று நிலைத்துவிட்டது, பாவம் மேரி ஆன். பழம் பெரிது, கடும் புளிப்பு, சமையலுக்குத்தான் ஆகும். ஆனால் நம் வீடுகளில் அதற்கு வேறு மரியாதை. இங்கே நல்ல மாங்காய் கிடைக்காத நாளில் பிராம்லியைத் துண்டு போட்டு, கடுகும் வெந்தயமும் மிளகாய்த்தூளும் நல்லெண்ணெயும் சேர்த்து ஊறுகாய் போடாத தமிழ் வீடு குறைவு. பச்சடிக்கும் அருமை. என்ன, கொஞ்சம் அசந்தால் கூழாகிவிடும். எண்ணெய் காய்ந்த பிறகு கடைசியில் போட்டு உடனே இறக்க வேண்டும்.

பிராம்லிக்கு ஒரு குணம் உண்டு. அதன் மகரந்தம் மற்ற மரத்துக்கு உதவாது, அது காய்க்க மட்டும் வேறு மரம் வேண்டும். ஆகவே அதே சமயத்தில் பூக்கும் வேறு இரண்டு ரகம் பக்கத்தில் இருந்தால்தான் எல்லாம் காய்க்கும். அந்த இரண்டு பிள்ளைகளுக்கான மரங்களாக இருக்கட்டும்: எம்எம்106இல் ஒட்டிய டிஸ்கவரி ஒன்று, எக்ரிமாண்ட் ரஸெட் ஒன்று. டிஸ்கவரி ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறப்பதற்குள் பழுத்துவிடும். கடித்தால் சில பழங்களில் தோலின் சிவப்பு உள்சதை வரைக்கும் ஊறியிருக்கும், ஸ்ட்ராபெரி வாசம் லேசாக வரும். வைத்துத் தின்ன முடியாது, பறித்த வாரத்திலேயே மாவாகிவிடும். ரஸெட் பார்க்க உருளைக்கிழங்கு மாதிரி சொரசொரப்பாக இருக்கும். பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள், வற்புறுத்தாதீர்கள். அக்டோபரில் பறித்துத் தாளில் சுற்றி, குளிர்ந்த கொட்டகையில் ஒரே அடுக்காகப் பரப்பி வைத்தால் கிறிஸ்துமஸ் வரை வரும். கொட்டை வாசனையும் இனிப்பும் அப்போதுதான் கூடும்.

காக்ஸ் பற்றிக் கேட்டீர்கள். ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சொறி நோய், சாம்பல் நோய், தண்டுப்புற்று மூன்றும் அதற்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. தோட்டக்காரர்கள் மருந்து அடித்துத்தான் எடுக்கிறார்கள். முள்ளெலி வர வேண்டும் என்று ஆசைப்படுகிற நீங்கள் மருந்து அடிக்கப்போவதில்லை. ஈரக் களிமண்ணில் அது வருடா வருடம் உங்களை அழவைக்கும். டிஸ்கவரியும் ரஸெட்டும் சொறியை ஓரளவு தாங்கும்.

நான்காவது மரம் காட்டு ஆப்பிள், ரெட் சென்டினல் என்று கேளுங்கள். செர்ரி அளவில் சிவப்புக் கொத்து, ஜனவரியிலும் கிளையிலேயே தொங்கும். பூ நிறைய விடுவதால் மற்ற மரங்களின் மகரந்தச் சேர்க்கைக்கும் கை கொடுக்கும். பறவைகள் ஆரம்பத்தில் அதைச் சீண்டாது. உறைபனி பட்டுப் பழம் மெத்தென்று ஆன பிறகுதான் வரும். காய் பிடித்தும் ஒன்றும் வரவில்லையே என்று நவம்பரில் மரத்தைத் திட்டாதீர்கள்.

உங்கள் விதைக்கன்றுகளை என்ன செய்வது? மல்கோவா கொட்டை போட்டால் மல்கோவாவா வரும்? அதே கதைதான். என்ன பழம் வரும் என்று தெரியாது, காய்க்க எட்டுப் பத்து வருடம் ஆகலாம், மரமும் பெரிதாகும். பிராம்லியே விதையில் வந்ததுதானே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் அது பல ஆயிரத்தில் ஒன்று. நான்கில் நல்லது ஒன்றைப் பார்த்து வேலி ஓரத்தில் விடுங்கள். உங்களுக்குப் புளித்தாலும் பறவைக்குப் புளிக்காது.

ரகத்தைவிடவும், உயிரினங்களுக்கு உதவுவது நீங்கள் செய்யாமல் விடும் வேலைகள். உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிக் குப்பையில் போடும் பழக்கம் இங்கே எல்லாருக்கும் உண்டு. அதற்கு ஒரு கணக்கு வையுங்கள். ஜூன், ஜூலையில் சின்னக் காயாக உதிர்வதில் சிலவற்றின் உள்ளே புழு இருக்கும், அதைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். செப்டம்பருக்குப் பிறகு விழுவதை அப்படியே விடுங்கள். முதலில் வருவது ரெட் அட்மிரல் பட்டாம்பூச்சி. புளித்துக் கசியும் பழத்தில் குழலை நீட்டி உட்கார்ந்தால், பக்கத்தில் குனிந்து பார்த்தாலும் பறக்காது. குளவியும் வரும், பிள்ளைகளை வெறுங்காலோடு அந்தப் பக்கம் விடாதீர்கள். அப்புறம் பிளாக்பேர்ட் என்ற பறவை. என் தோட்டத்தில் ஒன்று, பழத்தின் ஒரு பக்கத்தில் ஓட்டை போட்டு உள்சதையை மட்டும் தோண்டித் தின்றுவிட்டு, தோலைக் கிண்ணம் மாதிரி விட்டுப்போகும். மறுநாள் அந்தக் கிண்ணத்துக்குள் நத்தை இருக்கும். முள்ளெலி தேடி வருவது பழத்தையல்ல, இந்த நத்தையையும் பூச்சியையும்தான். குளிர் இறுகியதும் ஸ்காண்டிநேவியாவிலிருந்து ஃபீல்ட்ஃபேர், ரெட்விங் என்ற பறவைகள் கூட்டமாக வரும். கொட்டகையில் சேமித்ததில் அடிபட்ட பிராம்லி இருந்தால் பனி விழுந்த காலையில் புல்வெளியில் போட்டுப் பாருங்கள்.

அதேபோல பெரிய மரத்தில் ஒரு கிளை பட்டுப்போனால், கீழே யார் தலையிலும் விழாத இடமாக இருந்தால் வெட்டாதீர்கள். பழப்புழுவின் கூடு பட்டை இடுக்கில்தான் குளிர்காலத்தைக் கழிக்கும். புளூ டிட், கிரேட் டிட் என்ற சின்னப் பறவைகள் அதைக் கொத்தித் தின்னும். மரத்துக்குப் பக்கத்தில் கூட்டுப்பெட்டி ஒன்று மாட்டினால் மே மாதத்தில் குஞ்சுக்கு இரை தேடி இலைப்புழுக்களையும் எடுக்கும். புல்ஃபிஞ்ச் என்ற பறவை மட்டும் கொஞ்சம் வம்பு, மாசி பங்குனியில் பூமொட்டைத் தின்னும். பிராம்லியில் தின்னட்டும், மொட்டுக்குப் பஞ்சமில்லை. டிஸ்கவரிக்கு வேண்டுமானால் அந்த மாதம் வலை போடுங்கள்.

மான் விஷயத்தில் தாட்சண்யம் கூடாது. மான், முயல் இரண்டும் குருத்தையும் பட்டையையும் தின்று ஒரே இரவில் கன்றைக் கொன்றுவிடும். ஒவ்வொரு கன்றுக்கும் நான்கு கழி நட்டு ஆறடி உயரக் கம்பிவலை, அடித்தண்டுக்கு முயல் தொடாதபடி இரண்டடி உயரக் காப்பு. பிராம்லியைத் தலை உயரம் வரை கிளையில்லாத தண்டாக வளர்த்தால் பிற்காலத்தில் மானுக்குக் கிளை எட்டாது, உதிர்ந்த பழத்தைத் தின்றுவிட்டுப் போகட்டும். சின்ன மரங்களுக்கு மட்டும் வலை நிரந்தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடும் காலம் நவம்பர் முதல் மார்ச் வரை, வேரில் மண் இல்லாத வெறுவேர்க் கன்றாக. தொட்டிக்கன்றைவிட விலை குறைவு, ரகமும் நிறைய கிடைக்கும். நல்ல ரகங்கள் முன்கூட்டியே தீர்ந்துவிடும் என்பதால் செப்டம்பரிலேயே சொல்லி வையுங்கள். வேர் காயாமல் வந்த அன்றே நடுங்கள். ஒட்டுப்புடைப்பு மண்ணுக்கு மேலே ஒரு சாண் நிற்க வேண்டும். புதைந்தால் மேலே உள்ள ரகமே வேர்விட்டு, குட்டை வேர்ச்செடிக்குக் கொடுத்த காசு வீண். பிராம்லியை நிலத்தின் வடக்கு ஓரத்தில், மற்றவற்றிலிருந்து எட்டு மீட்டராவது தள்ளி வையுங்கள். தெற்கே வைத்தால் வீட்டு மரங்களுக்கு வெயில் கிடைக்காது. கன்றைச் சுற்றி ஒரு மீட்டருக்கு மூன்று நான்கு வருடம் புல் இருக்கக் கூடாது. மூடாக்கு போடலாம், தண்டில் படாமல். முதல் இரண்டு வருடம் காய் பிடித்தால் கிள்ளிவிடுங்கள், பிள்ளைகள் கெஞ்சினாலும்.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு நாள் ஃபாவர்ஷாம் பக்கம் பிராக்டேல் போய் வாருங்கள். பிரிட்டனின் தேசியப் பழ மரத் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது, ஆப்பிளில் மட்டும் 2000 ரகத்துக்கு மேல். அக்டோபரில் போனால் பழத்தோடு மரத்தைப் பார்க்கலாம். நான் சொன்ன ரஸெட் பிள்ளைகளுக்குப் பிடிக்கவே இல்லை என்றால், அதே சமயத்தில் பூக்கும் வேறொன்றை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

பெயர் தொலைந்த கன்றை இந்தக் குளிர்காலத்தில் தொட்டியிலிருந்து எடுத்து, வலைக்குள் ஒரு மேட்டில் வைத்துவிடுங்கள். வேர்ச்செடி தெரியாததால் பாத்தியிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளியே வையுங்கள். காய்த்ததும் பழத்தைக் குறுக்கே வெட்டி, விதையும் தோலும் தெரியப் படம் எடுத்து, பறித்த தேதியோடு அனுப்புங்கள். பெயர் கண்டுபிடிக்கப் பார்ப்போம்.