டெக்சாஸில் கம்யூனிட்டி காலேஜில் வேலைக்கான அசோசியேட் டிகிரி வாங்க என்னென்ன வேண்டும்?

கேள்வி கேட்டவர் எச்4 விசாவில் (எச்1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குக் கிடைப்பது) டெக்சாஸில் இருக்கிறார், ஊரில் பி.காம். முடித்தவர், படிப்பை விட்டுப் பத்து வருடம் ஆகிறது, மருத்துவமனை சம்பந்தமான இரண்டு வருடப் படிப்பு ஏதாவது படித்து வேலைக்குப் போக ஆசை, ஆனால் காலேஜ் வெப்சைட்டைத் திறந்தாலே தலை சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். திருநெல்வேலியில் பி.எஸ்சி. இயற்பியல், அப்புறம் கல்யாணம், இரண்டு குழந்தைகள், டாலஸ் பக்கம் குடிவந்தது, நடுவில் ஒன்பது வருடம் புத்தகத்தைத் தொடவில்லை. பிறகு கம்யூனிட்டி காலேஜில், அதாவது உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரியில், ரேடியோகிராஃபி முடித்து இப்போது ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறேன். எனக்குத் தெரிந்த டெக்சாஸ் கணக்கையே சொல்கிறேன், மற்ற மாநிலங்களில் எண்கள் கொஞ்சம் மாறும்.

முதலில் பெயரைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நிறைய பேர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். அசோசியேட் டிகிரி என்ற இரண்டு வருடப் பட்டத்தில் ஏ.ஏ. (ஆர்ட்ஸ்), ஏ.எஸ். (சயன்ஸ்) என்று இரண்டு உண்டு, அவை நாலு வருடக் கல்லூரிக்கு மாறிப் போகிறவர்களுக்கு. நீங்கள் கேட்பது ஏ.ஏ.எஸ்., அதாவது அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயன்ஸ். இது நேராக வேலைக்குப் போகிறவர்களுக்கானது. ஏ.ஏ. படிக்கிறவர் டெக்சாஸில் 42 கிரெடிட் (ஒரு பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு) பொதுப்பாடம் படிக்க வேண்டும், அதில் அமெரிக்க வரலாறும் அரசியலமைப்பும் வந்துவிடும். ஏ.ஏ.எஸ்.ஸில் பொதுப்பாடம் 15 கிரெடிட் இருந்தால் போதும், மீதி எல்லாம் தொழில் பாடம். மொத்தம் 60 கிரெடிட்டுக்குக் குறையாது, மருத்துவப் படிப்புகளில் சில சமயம் கொஞ்சம் கூடவும் இருக்கும்.

அந்த 15 கிரெடிட்டும் உங்கள் இஷ்டத்துக்கு எடுப்பது இல்லை. ஹியூமானிடீஸ் (இலக்கியம், தத்துவம் போன்றவை) அல்லது கலை வகையில் ஒன்று, சமூக அறிவியலில் ஒன்று, கணிதம் அல்லது இயற்கை அறிவியலில் ஒன்று கட்டாயம். என் படிப்பில் ஆங்கிலக் கட்டுரை எழுதும் பாடம், உளவியல், காலேஜ் அல்ஜீப்ரா, மேடைப்பேச்சு, உடற்கூறியல் இரண்டு பகுதி போன்றவை வந்தன. மேடைப்பேச்சு என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு பொருளைச் செய்துகாட்டிப் பேச வேண்டும் என்றார்கள், சார்ட் பேப்பரில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட்டுக்காட்டினேன், வகுப்பில் இருந்த இருபது பேரும் கிட்டே வந்து நின்று பார்த்தார்கள். அன்றைக்குத்தான் இங்கே நம்மால் படிக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது.

பாட எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். டெக்சாஸ் கம்யூனிட்டி காலேஜ்கள் பொதுவான எண் முறை வைத்திருக்கின்றன. ஆங்கிலம் 1301 என்றால் முதல் 1 முதல் வருடப் பாடம் என்பதைக் குறிக்கும், இரண்டாவதாக வரும் 3 அதன் கிரெடிட். உடற்கூறியல் 2401 என்றால் இரண்டாம் வருட நிலை, 4 கிரெடிட்.

இனி சேர்க்கை. கல்லூரிக்குள் நுழைவது சுலபம், கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கும். ஆனால் டி.எஸ்.ஐ. என்ற தகுதித் தேர்வு ஒன்று உண்டு, இப்போது நடப்பது அதன் இரண்டாம் பதிப்பு. கணிதத்தில் 950, ஆங்கிலத்தில் 945, கூடவே கட்டுரையில் 5 வாங்கினால் நேராகக் கல்லூரிப் பாடத்துக்குப் போகலாம். வரவில்லை என்றால் யாரும் வெளியே அனுப்பமாட்டார்கள், அடிப்படைப் பாடத்தைச் சேர்த்துப் படிக்கச் சொல்வார்கள், அதற்குத் தனியாகப் பணமும் நேரமும் போகும். அதனால் ஒரு மாதமாவது கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் போங்கள். உங்கள் பழைய பட்டத்தை வைத்து விலக்கு கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். முதல் நிலை சான்றிதழ்ப் படிப்பு என்று ஒன்று இருக்கிறது, 15இலிருந்து 42 கிரெடிட் வரை, அதற்கு மட்டும் இந்தத் தேர்வு வேண்டாம். பல துறைகளில் அதை முடித்து அதே கிரெடிட்டுகளை ஏ.ஏ.எஸ்.ஸில் சேர்த்துக்கொள்ளவும் முடியும்.

கல்லூரிக்குள் நுழைவது வேறு, படிப்புக்குள் நுழைவது வேறு. நான் சொல்ல வந்ததே இதுதான். வெல்டிங், நெட்வொர்க்கிங், அக்கவுண்டிங் போன்றவற்றில் பெரும்பாலும் சேர்ந்த அன்றே ஆரம்பிக்கலாம். நர்சிங், ரேடியோகிராஃபி, டென்டல் ஹைஜீன் (பல் சுத்தம் செய்வது), சோனோகிராஃபி (அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எல்லாம் அப்படி இல்லை. முன்பாடங்களை முடித்து, அந்த மார்க்கையும் ஹெசி அல்லது டீஸ் என்ற நுழைவுத் தேர்வின் மார்க்கையும் சேர்த்துப் புள்ளி போட்டு, வருடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் பேரைத்தான் எடுப்பார்கள். இரண்டு வருடப் படிப்பு என்று போட்டிருக்கும், அந்த இரண்டு வருடம் உங்களை எடுத்த பிறகுதான் தொடங்கும். அதற்கு முன்னால் முன்பாடங்களுக்கு ஒரு வருடம் தனி. வீட்டில் பட்ஜெட் போடும்போது மூன்று வருடம் என்றே போடுங்கள்.

எனக்கு நாலு வருடம் ஆனது. முதல் செமஸ்டரில் அட்வைசர் ஒருவர் கணிதத்துக்குப் புள்ளியியல் எடுங்கள் என்றார், எடுத்தேன், ஏ கிரேடும் வாங்கினேன். ரேடியோகிராஃபிக்கு விண்ணப்பிக்கப் போன அன்றுதான் அங்கே இருந்த அம்மா என் பேப்பரைப் பார்த்துவிட்டு, இந்தப் படிப்புக்குக் காலேஜ் அல்ஜீப்ராதான் செல்லும், புள்ளியியல் செல்லாது என்றார். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் இருந்தது, ஒரு செமஸ்டர் பாடத்தை மூன்று வாரத்தில் முடிக்க வழியில்லை, அடுத்த வருடம்தான் வர முடியும். காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத்தான் பிள்ளைகளைக் கூப்பிடப் பள்ளிக்கூடம் போனேன். அந்த அட்வைசர் வேண்டுமென்று செய்யவில்லை, அவர் பொதுவான டிகிரியை மனதில் வைத்துச் சொன்னார், நானும் என் படிப்பின் டிகிரி பிளானை (பட்டத்துக்கு எடுக்க வேண்டிய பாடங்களின் பட்டியல்) திறந்து பார்க்காமல் தலையாட்டிவிட்டேன். அதனால் கையைப் பிடித்துச் சொல்கிறேன்: நீங்கள் சேரும் வருடத்து கேட்டலாகில் (கல்லூரியின் படிப்பு விவரப் புத்தகம்) உங்கள் படிப்பின் டிகிரி பிளான் ஒரு பக்கம் இருக்கும், அதை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். அதில் இல்லாத பாடத்துக்கு யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். சந்தேகம் என்றால் பொது அட்வைசரோடு நிற்காமல் அந்தத் துறைக்கே மெயில் போடுங்கள், பதிலை எடுத்து வையுங்கள்.

ஊர்ப் பட்டத்தை என்ன செய்வது? வெஸ் அல்லது ஈ.சி.ஈ. போன்ற மதிப்பீட்டு நிறுவனத்திடம் பாடம் பாடமாக மதிப்பிட்டு வாங்க வேண்டும், பல்கலைக்கழகம் முத்திரையிட்ட உறையில் மார்க் பட்டியலை அனுப்ப வேண்டியிருக்கும். ஊரில் ஓடியாட ஒரு ஆள் இருந்தால் நல்லது, எனக்கு என் தம்பி மூன்று தடவை பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நடந்தான். எனக்குச் சில பாடங்கள் ஒத்துக்கொள்ளப்பட்டன, ஆங்கிலம் ஒத்துக்கொள்ளப்படவில்லை. எத்தனை கிரெடிட் கொண்டுவந்தாலும் பட்டத்தில் குறைந்தது 25 சதவீதத்தை அந்தக் கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும், அதாவது 60க்கு 15. உடற்கூறியல் போன்ற அறிவியல் பாடங்களுக்கு வேறு ஒரு கெடு: இத்தனை வருடத்துக்குள் படித்திருக்க வேண்டும் என்று பல மருத்துவப் படிப்புகள் கேட்கும், பத்து வருடம் முன்னால் படித்தது பெரும்பாலும் தேறாது. உங்களுக்கு பி.காம். என்பதால் அறிவியலை எப்படியும் புதிதாகத்தான் படிக்கப்போகிறீர்கள், அதனால் இதில் உங்களுக்கு இழப்பு ஒன்றும் இல்லை.

பண விஷயம். எச்4இல் இருப்பவர்களும் டெக்சாஸில் 12 மாதம் குடியிருந்து அதற்கான ஆதாரம் காட்டினால் மாநிலவாசிக் கட்டணம் கேட்கலாம், அதற்குத் தனியாக எஃப்1 மாணவர் விசாவும் வேண்டாம். அதற்குள்ளேயே இன்னொரு பிரிவு இருக்கிறது, கல்லூரியின் மாவட்டத்துக்குள் குடியிருந்தால் ஒரு கட்டணம், வெளியே என்றால் கூடுதல். நம்மவர்கள் நிறைய இருக்கும் ஃபிரிஸ்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள், ஊர் ஒன்றுதான், ஆனால் பாதி காலின் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி), பாதி டென்டன் கவுண்டியில். காலின் காலேஜில் படிக்கக் காலின் பக்கத்துக்காரர் கொடுப்பது குறைவு, டென்டன் பக்கத்துக்காரர் கொடுப்பது அதிகம். வாடகைக்கு வீடு மாறப்போகிறீர்கள் என்றால் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் பெல் கிராண்ட் என்ற படிப்பு உதவித்தொகை எச்4க்குக் கிடையாது. பிறகு கிரீன் கார்டு வந்தாலும் உங்களுக்குக் கிடைக்காது, ஏற்கெனவே ஒரு இளநிலைப் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு அது இல்லை, வெளிநாட்டுப் பட்டமும் பட்டமாகவே கணக்கு. இதைச் சொல்லாமல் மறைப்பதும் தவறு, பலர் இதில் கைவிரலைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

படிப்புக்குள் எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும் முன் குற்றப் பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை, சி.பி.ஆர். (இதயம் நின்றால் செய்யும் முதலுதவி) சான்றிதழ், தடுப்பூசிகள். ஹெபடைட்டிஸ் பி மூன்று ஊசி என்றால் முடிய ஆறு மாதம் ஆகும், அதை முதல் வேலையாக ஆரம்பியுங்கள். காசநோய்ப் பரிசோதனையை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். சின்ன வயதில் பி.சி.ஜி. போட்ட தழும்பு நம் கையில் இருக்கும், தோலில் மருந்து குத்திப் பார்க்கும் முறையில் அதனாலேயே தவறாக பாசிட்டிவ் காட்டக்கூடும். எனக்குக் கை ரூபாய் நாணயம் அளவுக்கு வீங்கிவிட்டது, அப்புறம் மார்பு எக்ஸ்ரே எடுத்து ஒன்றும் இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. முதலிலேயே இரத்தப் பரிசோதனையாகக் கேட்டு வாங்குங்கள், பி.சி.ஜி. போட்டவர்களுக்கு அதுதான் பரிந்துரைக்கப்படுகிறது.

மதிப்பெண் பற்றி: பட்டம் தர மொத்த ஜி.பி.ஏ. (நாலுக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 2.0 இருக்க வேண்டும், தொழில் பாடங்கள் ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் சி அல்லது அதற்கு மேல். மருத்துவப் படிப்புகளில் 75க்குக் கீழே போனால் பல இடங்களில் தேர்ச்சியே இல்லை. ஒரு பாடம் போனால் அந்தப் பாடம் மறுபடி வர அடுத்த வருடம் ஆகும், ஏனென்றால் ஒரே அணியாகத்தான் எல்லோரும் நகர்வார்கள்.

பயிற்சியில் எங்கள் துறையில் 36 கட்டாய எக்ஸ்ரே முறைகளைச் செய்துகாட்ட வேண்டும், அதற்கு மேல் விருப்பமானவை 15. தேறும் வரை உரிமம் பெற்ற ஒருவர் பக்கத்திலேயே நிற்பார், படம் சரியாக வராமல் மறுபடி எடுக்க வேண்டும் என்றால் எப்போதுமே நிற்பார். ஒவ்வொரு மாணவருக்கும் ஈயத்தில் செய்த இரண்டு சின்ன எழுத்துத் துண்டுகள் கொடுத்தார்கள், ஒன்றில் இடதுக்கான எழுத்து, ஒன்றில் வலதுக்கானது, கீழே அவரவர் இனிஷியல். அதைப் படம் விழும் இடத்தில் ஒட்டிவிட்டுத்தான் பட்டனை அழுத்த வேண்டும், இந்தப் படத்தை எடுத்தது யார் என்று காலத்துக்கும் அதிலே இருக்கும். என் அப்பா பெயரின் முதல் எழுத்தும் என் எழுத்தும் ஒரு முதியவரின் முழங்கால் பக்கத்தில் வெள்ளையாக விழுந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. இயற்பியல் படித்தது வீண்போகவும் இல்லை, தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் செறிவு நாலில் ஒன்றாகும் என்பதைத் திருநெல்வேலியில் பரீட்சைக்கு எழுதினேன், இங்கே அதை வைத்துத்தான் எங்கே நின்றால் எனக்குக் கதிர் குறைவாகப் படும் என்று பார்க்கிறேன்.

பட்டம் கையில் வந்தால் மட்டும் வேலை இல்லை, உரிமத் தேர்வும் எழுத வேண்டும். ரேடியோகிராஃபிக்கு ஏ.ஆர்.ஆர்.டி. என்ற அமைப்பின் தேர்வு, 2015இலிருந்து அதை எழுத அசோசியேட் பட்டமாவது இருக்க வேண்டும், மூன்று வருடத்துக்குள் மூன்று வாய்ப்பு. நர்சிங்கில் அசோசியேட் முடித்தவரும் நாலு வருடம் முடித்தவரும் எழுதுவது ஒரே என்க்ளெக்ஸ் தேர்வுதான். நீங்கள் தேர்ந்தெடுக்கும் படிப்பு அந்தத் தேர்வு எழுத உங்களை அனுமதிக்கும் அங்கீகாரம் பெற்றதா என்பதைச் சேரும் முன் பாருங்கள். அப்புறம் எச்4இல் படிக்கலாம், ஆனால் வேலை பார்க்க இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும், அதற்குப் பெரும்பாலும் கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காகப் போடும் மனு) அனுமதி ஆகியிருக்க வேண்டும். அது எந்த நிலையில் இருக்கிறது என்று இன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

மேலே படிக்க நினைத்தால் ஏ.ஏ.எஸ். கிரெடிட் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் போகாது, தொழில் பாடங்களைச் சாதாரண இளநிலைப் படிப்பில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பி.ஏ.ஏ.எஸ். (பேச்சலர் ஆஃப் அப்ளைடு ஆர்ட்ஸ் அண்ட் சயன்சஸ்) என்று ஒரு இளநிலைப் பட்டம் இதற்காகவே இருக்கிறது, டென்டனில் இருக்கும் நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கிடைக்கிறது, நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று விட்டுப்போனது. எல்லாப் பாடமும் முடிந்தால் பட்டம் தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். கடைசி செமஸ்டரின் ஆரம்பத்திலேயே பட்டத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும், அதற்கு ஒரு கெடுத் தேதி உண்டு. என் கூடப் படித்த வியட்நாம் பெண் ஒருத்தி அதைப் போடாமல் விட்டு, உரிமத் தேர்வுக்குப் பட்டம் பதிவாகவில்லை என்று இரண்டு மாதம் அலைந்தாள். எந்தப் படிப்பு என்று முடிவு செய்ததும் கமென்டில் எழுதுங்கள், டிகிரி பிளானைச் சேர்ந்து பார்க்கலாம்.