கேளுங்க சிஸ்டர்: புள்ளத்தாச்சி இருக்கற வீடு மாதிரி ஒரு டிசம்பர்

திருவருகைக் காலம், அதான் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம், ஆரம்பிச்சாச்சு. இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஏதோ ஒரு விதத்துல ஒரே விஷயத்தத்தான் கேக்குது, கனிவா இருன்னு கோயில்ல சொல்றாங்க, வீட்டுக்கு வந்தா முடியலையேன்னு. அதனால இந்த தடவ மத்த கேள்விகள எடுத்து வெச்சுட்டு பெரும்பாலும் இதுக்கே பதில் எழுதறேன்.

சிஸ்டர், என் மாமியாருக்கு 82 வயசு. ஞாபக மறதி ரொம்ப அதிகமாயிடுச்சு. "எப்போ ஊருக்குப் போறோம்"னு ஒரே கேள்விய இருபது தடவ கேப்பாங்க, நடு ராத்திரில எந்திரிச்சு கதவத் திறக்கப் போவாங்க. நான் வேலைக்குப் போறவ. போன ஞாயித்துக்கிழமை குளிக்க வைக்கும்போது கத்திட்டேன், கையையும் தட்டி விட்டுட்டேன். சாயங்காலம் பூசைல ஃபாதர் கனிவு பத்தி பிரசங்கம் வெச்சப்போ என்னால உக்காரவே முடியல. எனக்கெல்லாம் ஜெபம் பண்ண தகுதி இருக்கா? – ஒரு வாசகி, திண்டுக்கல்

அம்மா, உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். அதுல எனக்குத் தெரிஞ்சது பல மாசமா ராத்திரி தூக்கம் இல்லாத ஒரு பொண்ணுதான். தகுதி கிகுதின்னு எல்லாம் யோசிக்காதீங்க, நடந்தத அப்படியே ஆண்டவர்கிட்ட சொல்லுங்க, முடிஞ்சா பாவசங்கீர்த்தனம் பண்ணுங்க, முக்கியமா மாமியார்கிட்டயே "அத்த, அன்னைக்கு கத்திட்டேன், மன்னிச்சிருங்க"ன்னு சொல்லிடுங்க. அவங்களுக்கு அது ஞாபகம் இருக்காதேன்னு நினைக்காதீங்க, என்ன நடந்துச்சுங்கறது மறந்து போனாலும் மனசுல பட்ட பயம் அவங்களுக்கு தங்கிடும், அதே மாதிரி அன்பா பேசினா அந்த இதமும் தங்கும்.

நான் சில வருஷம் முதியோர் இல்லத்துல வேலை பாத்தேன். ஒரு நாள் காலைல ஒரு பாட்டிக்கு கஞ்சி ஊட்டிட்டிருந்தேன், அடுத்து பதினாலு பேர் காத்துட்டிருக்காங்க, அவங்க ஒரு வாய முழுங்கறதுக்குள்ள அடுத்த ஸ்பூன் வாய்கிட்ட போயிடுச்சு. பாட்டி வாய இறுக்கி மூடிட்டு என் மணிக்கட்டப் புடிச்சுட்டு "எங்க ஓடற?"ன்னு கேட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அன்னைக்கு எனக்கு கோவம் எதுவும் இல்ல, அவங்க மேல பாசம்கூட உண்டு, ஆனா என் கை வேகமா இருந்துச்சு, அந்த வேகமே அவங்களுக்கு அடி மாதிரி பட்டிருக்கு. அதுக்கப்புறம்தான் கவனிக்க ஆரம்பிச்சேன், நாம கடுமையா நடந்துக்கற இடத்துல முக்கால்வாசி அவசரம்தான் இருக்கு.

நம்ம ஊர்ல ஒரு பொண்ணு வாயும் வயிறுமா இருந்தா அந்த வீடு எப்படி மாறும்னு பாத்திருப்பீங்கல்ல. யாரும் சொல்லிக் குடுக்காமலே சத்தம் குறையும், அவ நடக்கற வேகத்துக்கு எல்லாரும் நடப்பாங்க, குடத்த அவ கையில இருந்து வாங்கிடுவாங்க, என்ன வேணும்னு ரெண்டு தடவ கேப்பாங்க. திருவருகைக் காலம்னா எனக்கு அதுதான் ஞாபகம் வரும், மரியா நெறமாசமா இருக்கற நாலு வாரம் இது, நம்ம வீட்டுல அவங்க இருந்தா எப்படி இருப்போமோ அப்படி இருந்து பாக்கணும்னு. இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை பூசைல எசாயா 40-ம் அதிகாரம் வாசிப்பாங்க, அதுல ஆண்டவர் ஆயன் மாதிரி வருவார், குட்டிகளத் தூக்கிக்குவார், சினையாடுகளப் பாத்து பக்குவமா நடத்துவார்னு வரும். சினையாட்ட அடிச்சு விரட்ட முடியாது, ஆயன்தான் தன் நடையக் குறைச்சுக்கணும்.

உங்களுக்கு கையால செய்யறதுக்கு சில விஷயம் சொல்றேன். குளிக்க வைக்கறதுக்கு முன்னாடி அவங்க கண்ணுக்கு நேரா உக்காந்து "அத்த, இப்போ தண்ணி ஊத்தப் போறேன்"னு சொல்லிட்டு, மொதல்ல கையிலயும் கால்லயும் கொஞ்சம் ஊத்துங்க, எடுத்த உடனே தலைல ஊத்தினா அவங்க பயந்து போய் தடுப்பாங்க, நீங்க அத அடம்னு நினைப்பீங்க. "எப்போ ஊருக்கு"ன்னு கேட்டா "ஊர்ல தாத்தாவெல்லாம் செத்துப் போயாச்சு"ன்னு திருத்தாதீங்க, "ஊர்ல என்ன இருக்கு, சொல்லுங்க"ன்னு கேளுங்க, அவங்க வாய்க்கால பத்தியோ மாட்ட பத்தியோ சொல்லுவாங்க, மனசு அடங்கும். ராத்திரி படுக்கும்போது அவங்க கையப் புடிச்சுட்டு ஜெபமாலைல பத்து மணி சொல்லுங்க, அவங்க வயசுக்கு சின்னப்புள்ளைல "பிரிய தத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க"ன்னு தான் கத்துருப்பாங்க, அந்தப் பழைய வார்த்தையிலயே ஆரம்பிச்சுப் பாருங்க. சொந்த மகன் பேர் மறந்தவங்க அந்த மந்திரத்த கடைசி வரைக்கும் தடுக்காம சொல்றத நான் கேட்டிருக்கேன்.

குழந்தை தெரசம்மாவும் இதையே பட்டிருக்காங்க. பிரான்ஸ்ல லிசியேங்கற ஊர் மடத்துல இளம் சிஸ்டரா இருந்தப்போ, நடக்க முடியாத ஒரு வயசான சிஸ்டர தினமும் சாயங்காலம் கோயில்ல இருந்து சாப்பாட்டு ரூமுக்கு கூட்டிட்டுப் போற வேலைய தானா கேட்டு வாங்கிட்டாங்க. அந்த வயசானவங்கள திருப்திப்படுத்தவே முடியாது, வேகமா நடந்தா விழுந்துடுவேன்னு சொல்வாங்க, மெதுவா நடந்தா கைய விட்டுட்டியான்னு கேப்பாங்க, உனக்கு வயசு பத்தாதுன்னு வேற சொல்வாங்க. கொஞ்ச நாள்ல தெரசம்மா கவனிச்சாங்க, அவங்களுக்கு ரொட்டிய வெட்டிக்க கஷ்டமா இருக்குன்னு. யாரும் கேக்காமலே அதையும் வெட்டிக் குடுத்துட்டு, கிளம்பும்போது ஒரு சிரிப்பும் குடுத்துட்டு வருவாங்களாம். 24 வயசுல செத்துப்போன புனிதை, அவங்க செஞ்சதெல்லாம் இந்த அளவுக்குத்தான்.

இன்னொண்ணு, இத தனியா சுமக்காதீங்க. வீட்டுக்காரரும் நாத்தனாரும் வாரத்துல ரெண்டு ராத்திரியாவது முறை மாத்திக்கணும், இத கூச்சப்படாம கேளுங்க. உங்க அன்பியத்துல, அதான் பக்கத்து வீட்டுக் குடும்பங்க சேர்ந்து ஜெபம் பண்ற குழுவுல, சொல்லி வையுங்க, ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வந்து மாமியார்கூட உக்காந்தா நீங்க நிம்மதியா பூசைக்குப் போகலாம், அவங்களுக்கு நன்மை (நற்கருணை) வீட்டுக்கே கொண்டு வரச் சொல்லி பங்கு சாமியார்கிட்ட கேக்கலாம். முதியோருக்கான அரசாங்க உதவி எண் 14567, அதுலயும் கேட்டுப் பாருங்க.

சிஸ்டர், ஜெபம் பண்ண உக்காந்தா மனசு எங்கெங்கயோ போகுது, ஆபீஸ் மீட்டிங், இஎம்ஐ, கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் வருது. உடனே என் மேலயே எரிச்சல் வந்து எந்திரிச்சுடறேன். திருவருகைக் காலத்துக்காவது ஒழுங்கா ஜெபம் பண்ணணும்னு ஆசை. – 29 வயசு வாசகர், சென்னை

தம்பி, மனசு ஓடறதுல பெரிய பிரச்சினை இல்ல, ஓடின மனச நீங்க எப்படி கூப்பிடறீங்கங்கறதுதான் எனக்கு கவலையா இருக்கு. ஒரு சின்னப்புள்ள கோயில்ல இருந்து வெளிய ஓடினா ஒரு அப்பா காதத் திருகி இழுத்துட்டு வருவார், இன்னொரு அப்பா போய் தூக்கிட்டு வந்து மடியில வெச்சுக்குவார், ரெண்டு பிள்ளையும் உள்ளதான் வந்தாச்சு, ஆனா அடுத்த வாரம் கோயில்னாலே எது அழும்னு உங்களுக்கே தெரியும்.

சலேசிய சபைக்கு பேர் குடுத்த புனித பிரான்சிஸ் சலேசியார், 1622-ல இறந்தவர், அவர் இதப் பத்தி ரொம்பத் தெளிவா எழுதியிருக்கார். நம்ம தப்பப் பாத்து நம்ம மேலயே எரிஞ்சு விழறதும் பெருமைல இருந்துதான் வருதுன்னு சொல்வார், ஏன்னா நாம தப்பே பண்ணாதவங்கன்னு உள்ளுக்குள்ள ஒரு நினைப்பு இருக்கு. மத்தவங்ககிட்ட கனிவா இருக்கற மாதிரியே உங்ககிட்டயும் கனிவா இருக்கப் பழகுங்கன்னு சொல்லிக் குடுத்தவர் அவர்.

உங்களுக்கு சின்னதா ஒரு பழக்கம் சொல்றேன். காலைல அஞ்சு நிமிஷம், திருமுழுக்கு யோவானோட அப்பா செக்கரியா பாடின பாட்டு, லூக்கா நற்செய்தி முதல் அதிகாரம் 68-ல இருந்து 79 வரைக்கும். சாமியாருங்களும் எங்கள மாதிரி சிஸ்டருங்களும் தினமும் காலை ஜெபத்துல சொல்றது இது, டிசம்பர் 24 காலைப் பூசைக்கு நற்செய்தியும் இதுதான். கடைசில ஒரு வரி வரும், நம்ம கடவுளோட பரிவாலயும் இரக்கத்தாலயும் மேல இருந்து விடியல் நம்மளத் தேடி வருதுன்னு. அங்க பரிவுன்னு வர்றதுக்கு கிரேக்கத்துல இருக்கற வார்த்தை வயித்துக்குள்ள இருக்கற குடலக் குறிக்கும், எபிரேயத்துல இரக்கத்துக்கு இருக்கற சொல் ஒண்ணு கருப்பைங்கற சொல்லோட வேர்ல இருந்து வந்தது. தமிழ் ஆளுங்களுக்கு இத விளக்கவே வேண்டாம், பெத்த வயிறு துடிக்குதுன்னு நாம சொல்ற அதே வயிறு. கடவுள் உங்களப் பாக்கறப்போ மார்க் போடற வாத்தியார் மாதிரி பாக்கல, அந்த வயிறு துடிக்கற மாதிரி பாக்கறார்.

இதப் பாடினவர் யாருன்னும் யோசிச்சுப் பாருங்க. வானதூதர நம்பாம வாய் கட்டிப் போனவர். அவர் மனைவி எலிசபெத் மாசமா இருந்த காலம் முழுக்க அவரால ஒரு வார்த்தை பேச முடியல, அதுலயும் மரியா வந்து ஒரு மூணு மாசம் தங்கினப்போ அந்த வீட்டுல ரெண்டு பேர் வாயும் வயிறுமா, வீட்டுக்காரர் வாயே திறக்காம. அவ்ளோ நாள் சும்மா இருந்து பாத்துட்டு வாய் திறந்தப்போ வந்தது இந்தப் பாட்டு. நீங்க அஞ்சு நிமிஷம் ஒண்ணும் பேசாம ஒண்ணும் தோணாம உக்காந்திருந்தாலும் பரவால்ல தம்பி. மனசு மீட்டிங்குக்குப் போச்சுன்னா அந்த மீட்டிங்ல உங்கள திட்டின மேனேஜருக்காக ஒரு வார்த்தை சொல்லிட்டு திரும்பி வாங்க. எத்தன தடவ போனாலும் அத்தன தடவ திரும்பி வாங்க.

வீட்டுக்காரர் குடிச்சுட்டு வந்து அடிக்கறார். நாம கனிவா இருந்தா அவர் மாறுவார், சிலுவைன்னு ஏத்துக்கோன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. அப்படித்தானா சிஸ்டர்? – பேர் போட வேண்டாம்

இல்லம்மா. அடி வாங்கறத கனிவுன்னு யாரும் உங்ககிட்ட சொல்ல விடாதீங்க, ஆயன் ஓநாய்க்கு ஆட்ட விட்டுக் குடுக்கறவர் இல்ல. 181-க்கு போன் பண்ணுங்க, அது பெண்களுக்கான உதவி எண். 2005-ல வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துல அதே வீட்டுல பாதுகாப்பா இருக்கற உரிமை உங்களுக்கு இருக்கு. இன்னைக்கு ராத்திரிக்கே ஆபத்துன்னா பிள்ளைங்களக் கூட்டிட்டு அம்மா வீட்டுக்கோ பக்கத்துல இருக்கற கான்வென்ட்டுக்கோ போயிடுங்க, கதவத் திறப்பாங்க. உங்க கனிவ இப்போ உங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் குடுங்க. தயவு செஞ்சு மறுபடி எழுதுங்க, நான் காத்துட்டிருப்பேன்.

கனிவு கினிவுன்னு சொல்லி ஆம்பளப் பசங்கள செல்லம் குடுத்துக் கெடுக்கறாங்க. எங்க அப்பா பெல்ட்ட எடுத்ததாலதான் நான் ஒழுங்கா வளர்ந்தேன். அப்பான்னா ஒரு பயம் வேண்டாமா? – ஒரு தகப்பன், தூத்துக்குடி

ஐயா, நீங்க பிள்ளைங்க மேல உள்ள அக்கறைல கேக்கறீங்கன்னு புரியுது. ஆனா பெல்ட் ஞாபகம் இவ்ளோ வருஷம் கழிச்சும் கடிதத்துல வருதே, அத கொஞ்சம் யோசிங்க.

டிசம்பர் 18-ம் தேதி பூசைல மரியாவோட வீட்டுக்காரர் யோசேப்பு பத்தின நற்செய்தி வரும். நிச்சயம் பண்ணின பொண்ணு கர்ப்பமா இருக்கான்னு தெரியுது, அந்தக் காலத்துச் சட்டப்படி அவள ஊர் முன்னாடி நிறுத்த அவருக்கு உரிமை இருக்கு, யாரும் அவரத் தப்பு சொல்லப் போறதில்ல. அவர் என்ன பண்ணினார், அவளுக்கு அவமானம் வரக் கூடாதுன்னு சத்தமில்லாம விலகிடலாம்னு நினைச்சார். கனவுல தூதர் வர்றதுக்கு முன்னாடியே எடுத்த முடிவு அது. இவர் மரவேலை செஞ்ச மனுஷர், கை காய்ச்சுப் போயிருக்கும், அந்தக் கையிலதான் ஆண்டவர் நடை பழகியிருக்கார். போப் பிரான்சிஸ் 2013 மார்ச் 19, யோசேப்பு திருநாள் அன்னைக்கு பொறுப்பேத்தப்போ பிரசங்கத்துல யோசேப்பக் காட்டித்தான் கனிவப் பாத்து பயப்படாதீங்கன்னு சொன்னார், பலமில்லாதவங்க பண்றது இல்ல அது, பலம் உள்ளவங்களால முடியறதுன்னார். கண்டிங்க ஐயா, வேணாம்னு சொல்லல. ஆனா கண்டிக்கறதுக்கு முன்னாடி பையன் பக்கத்துல உக்காந்து என்ன ஆச்சுன்னு கேட்டு, அவன் பேசி முடிக்கற வரைக்கும் இருங்க. இந்த டிசம்பர்ல குடிலுக்கு மண்ணும் வைக்கோலும் கொண்டு வர அவனக் கூட்டிட்டுப் போங்க, ஸ்டார் கட்ட ஏணியப் புடிக்கச் சொல்லுங்க, அப்போ பேச ஆரம்பிப்பான்.

மெழுகுவர்த்தி வளையத்துல மூணு ஊதா, ஒண்ணு மட்டும் ரோஸ் ஏன் சிஸ்டர்? எங்க வீட்டுல வெக்கலாமா? – 7-ம் வகுப்பு மாணவி, கும்பகோணம்

கண்டிப்பா வைக்கலாம் செல்லம். இந்த வளையத்த 1839-ல ஜெர்மனில ஹாம்பர்க் பக்கத்துல விக்கர்ன்ங்கற ஒரு லுத்தரன் சபை போதகர் ஆரம்பிச்சார், ஏழைப் பிள்ளைங்கள ஒரு இல்லத்துல வெச்சு வளர்த்தவர். அந்தப் பிள்ளைங்க கிறிஸ்துமஸ் எப்போ, எப்போன்னு கேட்டுட்டே இருப்பாங்களாம். அவர் திட்டல, ஒரு பெரிய மரச் சக்கரத்துல வார நாளுக்கு சின்ன சிவப்பு மெழுகுவர்த்தியும் ஞாயித்துக்கிழமைக்கு பெரிய வெள்ளையும் வெச்சு தினமும் ஒண்ணா ஏத்தினார், பிள்ளைங்க தாங்களே எண்ணிக்கலாம்ல. நாம இப்போ நாலு மட்டும் வைக்கிறோம்.

ரோஸ் மூணாவது ஞாயிறுக்கு. அன்னைக்கு மகிழ்ச்சி ஞாயிறு, பிலிப்பியர் 4-ம் அதிகாரத்துல மகிழுங்கள்னு பவுல் சொல்றதுல இருந்து வந்த பேர். அதுக்கு அடுத்த வசனத்த பைபிள எடுத்துப் பாரு, உங்க கனிந்த உள்ளம் எல்லாருக்கும் தெரியட்டும், ஆண்டவர் பக்கத்துல இருக்கார்னு இருக்கும். வீட்டுல ரோஸ் மெழுகுவர்த்தி கிடைக்கலன்னா வெள்ளையில ஒரு ரோஸ் ரிப்பன் கட்டிக்கோ. ஃபேன ஆஃப் பண்ணிட்டு ஏத்து, பாட்டி இருந்தாங்கன்னா அவங்க கையால ஏத்தச் சொல்லு, அவங்களுக்கு கை நடுங்கினா நீ புடிச்சுக்கோ.